ஓய்வுக்குப் பிறகு ஓடும் எந்திரம்: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணி ஓய்வுக்குப் பிறகு சின்னச் சின்ன எந்திரங்கள் செய்து பழகலாமா என்று கேட்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேட்டவர்களில் மில்லில் பிட்டராக இருந்தவர் உண்டு. வங்கிக் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து, ஒரு ஸ்குரூ கூடத் திருகாதவரும் உண்டு. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பதில்.

மாடல் இன்ஜினியரிங் என்றால் என்ன? பொம்மை செய்வதா?

நிஜ எந்திரம் எந்த விதியில் ஓடுகிறதோ அதே விதியில் ஓடும் சிறிய எந்திரத்தை, உலோகத்தைக் கடைந்தும் ராவியும் துளை போட்டும் நாமே செய்வது. நீராவி இன்ஜின், சூடான காற்றில் ஓடும் இன்ஜின், பெட்ரோல் இன்ஜின், கடிகாரம், ரயில் இன்ஜின் எல்லாம் இதில் அடக்கம். பிஸ்டன் நிஜமாகவே சிலிண்டருக்குள் ஓடும், வால்வு நிஜமாகவே திறந்து மூடும். இங்கிலாந்தில் 1898லேயே இதற்கென்று ஒரு பத்திரிகையும் லண்டனில் ஒரு சங்கமும் தொடங்கிவிட்டார்கள். அங்கே ஓய்வுபெற்றவர்களின் வீட்டுக் கொட்டகைகளில்தான் இந்தக் கலை இன்றைக்கும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

அண்ணாச்சி, இது வெள்ளைக்காரர் பொழுதுபோக்கு. நம்ம ஊருக்குச் சரிப்படுமா?

நம்ம ஊரைவிடப் பொருத்தமான ஊர் குறைவு என்பது என் எண்ணம். பாபநாசத்து நீர்வீழ்ச்சியின் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1880களில் பஞ்சாலை கட்டிய மண் இது. விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலை பார்க்காத குடும்பம் அபூர்வம். தாழையூத்து சங்கர்நகரில் சிமெண்ட் ஆலை, கூடங்குளத்தில் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜின் சோதிக்கும் இஸ்ரோ வளாகம், இது போக ரயில்வே, மின்வாரியம். இங்கெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் பிட்டர், டர்னர் படித்தவர்கள் இருக்கிறார்கள். நெல்லைச் சந்திப்பிலிருந்து எந்தத் திசையில் போனாலும் கடைசல் வேலை செய்யும் ஒரு லேத் பட்டறை கண்ணில் படும். நகை வேலை செய்யும் ஆசாரிமார் வெள்ளிப் பற்றவைப்பைக் காலங்காலமாகக் கையில் வைத்திருக்கிறார்கள். தேர்ச்சக்கரம் செய்யத் தெரிந்த தச்சர்கள் இருக்கிற சீமையில் வார்ப்புக்கு மர மாதிரி செய்ய ஆள் தேட வேண்டியதில்லை.

இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவதும் இதுதான்: எந்திரம் வாங்குவதற்கு முன்னால் ஆட்களைத் தேடுங்கள். கற்றுக்கொடுக்கத் தெரிந்த கைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. வேலையில் இருந்தபோது அவர்களோடு உட்கார நமக்கு நேரம் இல்லை. இப்போது இருக்கிறது.

நான் ஆபீஸ் வேலை பார்த்தவன். அறுபது வயதுக்கு மேல் கை பழகுமா?

பழகும். இதற்கு வேண்டியது உடல் வலுவைவிடப் பொறுமையும் அளவில் பிடிவாதமும். மில்லில் பிட்டராக இருந்தவருக்குக் கை தயாராக இருக்கும். ஆனால் 'இவ்வளவு போதும்' என்று பெரிய எந்திரத்துக்குப் பழகிய கண்ணை அவர் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். கணக்கெழுதிப் பழகியவருக்குக் கை மெதுவாக வரும், வரைபடத்தைப் பார்த்து வரிசையாக யோசிப்பது சீக்கிரம் வரும். நம்ம பக்கத்துத் தச்சு வேலையில் அளவு நூல் கணக்கில் போகும். ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சின்ன இன்ஜினில் மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு கூடினால் பிஸ்டன் நுழையாது, நாலு பங்கு குறைந்தால் காற்று கசியும். இந்த நுணுக்கம் முதலில் மலைப்பாக இருக்கும். மைக்ரோமீட்டரைத் தினமும் கையில் எடுத்துப் பழகினால் ஒரு மாதத்தில் மலைப்பு போய்விடும்.

முதலில் லேத் வாங்கிவிடலாமா? செட்டில்மெண்ட் பணம் வந்திருக்கிறது.

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். ஓய்வுப் பணம் வந்த மாதத்திலேயே எந்திரம் வாங்கி, ஆறு மாதத்தில் அதன்மேல் துணியைப் போட்டு மூடி வைப்பது மிக எளிதாக நடக்கிற காரியம்.

முதலில் ஒரு நல்ல பெஞ்ச் வைஸ், கனமான மேசை, ஹேக்ஸா ரம்பம், பத்து இஞ்சு முரட்டு அரம் ஒன்று, ஆறு இஞ்சு மென் அரம் ஒன்று, மூலைமட்டம், இரும்பு ஸ்கேல், கோடு கீறும் ஊசி, சென்டர் பஞ்ச், வெர்னியர். இவ்வளவு போதும். வைஸில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அது முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும், தாழ்ந்தால் இடுப்பு பிடிக்கும்.

அப்புறம் 30 மி.மீ. சதுர இரும்புக் கம்பியில் ஒரு துண்டை வெட்டி, ஆறு முகமும் தட்டையாக, ஒன்றுக்கொன்று செங்குத்தாக, எந்தப் பக்கம் அளந்தாலும் 25 மி.மீ. வரும்படி ராவிப் பாருங்கள். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடுக்கில் ஒளி தெரியக் கூடாது. ஐ.டி.ஐ.யில் பிட்டர் மாணவர்களைத் தொடக்கத்தில் உட்கார வைப்பதும் இந்த மாதிரி வேலையில்தான். அலுப்பாக இருக்கும், கை வலிக்கும். ஆனால் அரத்தை மட்டமாகத் தள்ளத் தெரிந்தவருக்குப் பிறகு வரும் எல்லாமே எளிது. இந்தத் துண்டை முடித்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் லேத் பற்றி யோசிக்கலாம்.

லேத் வேலையை எங்கே கற்றுக்கொள்வது?

பக்கத்து லேத் பட்டறையில். காலையில் வேலை மும்முரமாக இருக்கும், மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு போங்கள். 'அண்ணாச்சி, சும்மா பார்க்க வந்திருக்கேன், பழகணும்னு ஆசை' என்று உள்ளதைச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போடுவார்கள். நின்று பார்த்தாலே உலோகத்தை வெட்டும் டூலை எப்படிச் சாணை பிடிக்கிறார், எந்த உயரத்தில் வைக்கிறார் என்பது தெரிந்துவிடும். டூலின் முனை வேலைத்துண்டின் மையத்துக்குச் சரியாக நிற்க வேண்டும் என்கிற ஒரு பாடத்துக்காகவே போகலாம். அவர் நேரத்துக்கு மதிப்பு கொடுங்கள். சில துண்டுகளை அவரிடமே கூலிக்குக் கடைந்து வாங்குங்கள்.

படிக்கவும் வேண்டும். ஐ.டி.ஐ. பாடநூல்களைத் தயாரிக்கும் மத்திய அரசின் நிமி நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது. பிட்டர், டர்னர் பாடங்கள் தமிழிலும் உண்டு. படமும் அளவும் தெளிவாக இருக்கும்.

சுழல் வேகத்துக்கு ஒரே ஒரு கணக்கை மனப்பாடம் செய்யுங்கள். சாதா இரும்பை எச்.எஸ்.எஸ். என்கிற அதிவேக எஃகு டூலால் நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகத்தில் வெட்டலாம். 25,000 மில்லிமீட்டரைத் துண்டின் சுற்றளவால் வகுத்தால் சுற்று எண்ணிக்கை வந்துவிடும். 20 மி.மீ. கம்பிக்கு சுற்றளவு ஏறக்குறைய 63, ஆகவே நிமிடத்துக்கு 400 சுற்று. பித்தளையை இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகவே ஓட்டலாம். வார்ப்பிரும்புக்கு இரும்பைவிடக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

நான் பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியை. பட்டறைக்குள் போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது.

முதல் நாள் இருக்கும் டீச்சர். கையில் ஒரு வரைபடத்தோடு போய், 'இந்தத் துண்டு இந்த அளவில் வேண்டும்' என்று பேச்சைத் தொடங்குங்கள். வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் கூச்சத்துக்கு இடமில்லை. உங்களிடம் படித்த பையன் ஒருவனே அங்கே லேத் ஓட்டிக்கொண்டிருக்கவும் கூடும். சேலை முந்தானையையும் தலைமுடியையும் எந்திரத்துக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். சுடிதார் என்றால் துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு நில்லுங்கள்.

முதல் இன்ஜினாக எதைச் செய்யலாம்?

ஆடும் சிலிண்டர் இன்ஜின். இதில் தனி வால்வு கிடையாது. சிலிண்டர் ஒரு ஊசியில் தொங்கி, பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் சுற்றச் சுற்ற இடமும் வலமும் ஆடும். சிலிண்டர் முகத்தில் ஒரு துளை, அது உரசும் தகட்டில் இரண்டு துளை. ஒரு பக்கம் ஆடும்போது காற்று உள்ளே வரும் துளையோடு சேரும், மறுபக்கம் ஆடும்போது வெளியேறும் துளையோடு சேரும். அவ்வளவுதான் இதன் மொத்த சூத்திரமும்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். பிஸ்டன் 12 மி.மீ. தடிமன், ஓட்டம் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஓட்டத்தில் பாதி, அதாவது 10 மி.மீ., கிராங்க் ஊசி மையத்திலிருந்து தள்ளி நிற்கும் தூரம். கிராங்க் அச்சுக்கும் சிலிண்டர் தொங்கும் ஊசிக்கும் இடையே 50 மி.மீ. வையுங்கள். பத்தை ஐம்பதால் வகுத்தால் ஐந்தில் ஒன்று. சிலிண்டர் முகத்துத் துளை, தொங்கும் ஊசியிலிருந்து 15 மி.மீ. தள்ளி மூடிய முனைப் பக்கம் இருந்தால், அது பக்கவாட்டில் அதிகபட்சம் 15இல் ஐந்தில் ஒரு பங்கு, 3 மி.மீ. நகரும். ஆகவே தகட்டில் மையக்கோட்டின் இருபுறமும் 3 மி.மீ. தள்ளி ஒவ்வொரு துளை. எல்லாத் துளையும் 2 மி.மீ. என்றால், பிஸ்டன் கோடியில் நிற்கும்போது நடுத்துளைக்கும் பக்கத்துளைக்கும் இடையே 1 மி.மீ. சுவர் இருக்கும். காற்று குறுக்கே ஓடாது. அளவுகளை மாற்றினாலும் இதே வழியில் கணக்குப் போடலாம். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு போடும் துளைக்கும், யாரோ போட்ட படத்தைப் பார்த்துப் போடும் துளைக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை இன்ஜின் ஓடும்போது உணர்வீர்கள்.

சிலிண்டர் பித்தளை, பிஸ்டன் இரும்பு, சுழல் சக்கரம் 60 மி.மீ. வார்ப்பிரும்பு. உரசும் இரண்டு முகங்களையும் கண்ணாடிக் கடையில் வாங்கிய தடித்த கண்ணாடித் துண்டின்மேல் வாட்டர் பேப்பர் விரித்து, எட்டு போடுகிற மாதிரி தேயுங்கள். முதலில் 400 நம்பர் தாள், பிறகு 800. ஓட்டிப் பார்க்கப் பாய்லர் வேண்டாம். பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் அழுத்தத்தைக் குறைத்து 1 பார் வைத்தாலே ஓட வேண்டும். தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. குழாயை அந்தத் துளையிலிருந்து இந்தத் துளைக்கு மாற்றினால் எதிர்த்திசையில் சுற்றும்.

லேத்தே இல்லாமல் ஓடும் இன்ஜின் செய்ய முடியாதா?

முடியும், அதுவும் அழகான ஒன்று. ராபர்ட் ஸ்டிர்லிங் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1816இல் காப்புரிமை பெற்ற வெப்பக்காற்று இன்ஜினை ஒரு சோதனைக்குழாய், கண்ணாடி ஊசிக்குழல் (சிரிஞ்ச்), சில கோலிக்குண்டுகளை வைத்தே செய்து பார்க்கலாம்.

சூடு தாங்கும் போரோசிலிகேட் சோதனைக்குழாயில் தளர்வாக உருளும் நாலைந்து குண்டுகளைப் போட்டு, வாயை ரப்பர் தக்கையால் அடைத்து, தக்கை வழியாக மெல்லிய குழாயைக் கண்ணாடி ஊசிக்குழலோடு இணையுங்கள். சோதனைக்குழாயை நடுவில் ஒரு அச்சில் படுக்கையாகத் தொங்கவிட்டு, ஊசிக்குழல் தக்கைப் பக்கத்தைத் தூக்கும்படி கீழே நிறுத்துங்கள். மூடிய முனையின் கீழ் ஸ்பிரிட் விளக்கு. குண்டுகள் தக்கைப் பக்கம் கிடக்கும்போது காற்று சூடான முனைக்குப் போய் விரியும், ஊசிக்குழல் எழும்பித் தக்கைப் பக்கத்தைத் தூக்கும். உடனே குண்டுகள் சூடான முனைக்கு உருளும், காற்றைக் குளிர்ந்த பக்கம் விரட்டும், காற்று சுருங்கும், தக்கைப் பக்கம் இறங்கும், குண்டுகள் திரும்ப உருண்டு வரும். எடைச் சமநிலையைச் சரிசெய்வதில்தான் முழு வேலையும். பிளாஸ்டிக் ஊசிக்குழல் உதவாது, அதன் ரப்பர் பிடித்துக்கொள்ளும். பேரப்பிள்ளைகளைக் கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்த மறுநாள் இதைத் தொடங்கினால், கோலிக்குண்டு பொறுக்கும் வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

சரி, லேத் வாங்கியே தீருவேன். புதிதா, பழசா?

இடம் குறைவு, சிங்கிள் பேஸ் கரண்ட் மட்டும்தான், தனியாகத் தூக்கி வைக்க ஆள் இல்லை என்றால் 180 மி.மீ. விட்டம் வரை கடையக்கூடிய சின்ன மேசை லேத் போதும். அது ஏறக்குறைய 40 கிலோ. இரண்டு பேர் தூக்கிவிடலாம். வாங்கிய அன்றே ஓட்டாமல் பிரித்துக் கழுவி, நகரும் பாகங்களின் இடுக்கில் இருக்கும் ஜிப் பட்டைகளின் ஆட்டத்தைச் சரிசெய்து, எண்ணெய் போட்டு மாட்டுங்கள்.

கனமான வேலை பார்க்க ஆசை, கீழ்த்தளத்தில் சிமெண்ட் தரை இருக்கிறது என்றால் மூடப்படும் பட்டறையின் பழைய லேத் அருமையான பொருள். கோயம்புத்தூர், ராஜ்கோட் லேத்துகள் நிறைய உழைத்திருக்கும். ஆனாலும் உயிர் இருக்கும். பார்க்கப் போகும்போது உங்கள் லேத் பட்டறை அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கள். துண்டைப் பிடிக்கும் சக்குக்குப் பக்கத்தில்தான் பெட் என்கிற அடித்தண்டவாளம் அதிகம் தேய்ந்திருக்கும், அங்கே டூலைச் சுமந்து நகரும் கேரேஜை இறுக்கிவிட்டு வால்பக்கம் தள்ளிப் பாருங்கள், இறுகிப் பிடித்தால் தேய்மானம் அதிகம். சக்கில் ஒரு கம்பியைப் பிடித்து மேலும் கீழும் நெம்பினால் பேரிங் ஆட்டம் தெரியும், டயல் கேஜ் இருந்தால் அளவே தெரியும். கடைசியாக 25 மி.மீ. கம்பியைச் சக்கில் மட்டும் பிடித்து, 100 மி.மீ. நீளத்துக்கு மெல்லிய வெட்டு ஓட்டி, இரண்டு முனையையும் அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 0.03 மி.மீ.க்குள் இருந்தால் நம் வேலைக்கு உத்தமம். திரெட் (மரை) வெட்டும் கியர்கள் முழுசாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள். பிறகு தேடினால் கிடைக்காது. மோட்டார் மூன்று பேஸ் என்றால் மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

உலோகம் எங்கே கிடைக்கும்?

பித்தளைக் கம்பியும் இரும்புக் கம்பியும் ஹார்டுவேர் கடையில். மற்றதற்குப் பழைய இரும்புக் கடை. தூக்கிப் போட்ட கம்ப்யூட்டர் பிரிண்டருக்குள் பளபளவென்று துல்லியமாகத் தீட்டிய கம்பிகள் இருக்கும், அச்சுக்கு உதவும். பழைய பம்ப்செட்டின் புட்வால்வில் நல்ல கன்மெட்டல் என்கிற வெண்கல வகை கிடைக்கும். லாரி ஆக்சில் போன்றவை உறுதியான எஃகு, கற்றுக்கொள்ளும் காலத்தில் தொட வேண்டாம்.

சுழல் சக்கரம் வார்க்க வேண்டுமென்றால் தச்சரிடம் மர மாதிரி செய்து வார்ப்புப் பட்டறையில் கொடுங்கள். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும், மாதிரியை அந்த அளவு பெரிதாகச் செய்யச் சொல்லுங்கள். மண்ணிலிருந்து மாதிரி உருவி வர ஓரங்களில் லேசான சரிவும் வேண்டும். வார்ப்பு வந்ததும் அதன் தோல் கல் மாதிரி கடினமாக இருக்கும். முதல் வெட்டையே தோலுக்குக் கீழே போகும்படி ஆழமாகக் கொடுங்கள். மேலாகச் சுரண்டினால் டூல்தான் மழுங்கும்.

தென்காசியில் வீடு. சாரல் காலத்தில் கருவிகள் துருப்பிடிக்காதா?

பிடிக்கும். ஜூன் தொடங்கிச் சாரல் விழும் மாதங்களில் அங்கே ஒரே இரவில் பெட்டின்மேல் செம்படலம் வந்துவிடும். நெல்லைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் இதே பாடு. உவரி, கூடங்குளம் பக்கம் உப்புக்காற்றால் வருஷம் முழுக்க. வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் பூசுவதை வழக்கமாக்குங்கள். பிளாஸ்டிக் தாளால் மூடாதீர்கள், உள்ளே வேர்த்து ஈரம் நிற்கும். எண்ணெய் தோய்ந்த பருத்தித் துணிதான் நல்லது. அளக்கும் கருவிகளை மூடிய அலமாரியில், சூடு தரும் சிறிய குண்டு பல்போடு வையுங்கள்.

மாடியில் தகரக் கொட்டகை போட வேண்டாம். சித்திரை வெயிலில் உட்கார முடியாது என்பது ஒரு காரணம், அளவு மாறும் என்பது இன்னொரு காரணம். வெட்டும்போது 40 டிகிரி சூடேறிய 25 மி.மீ. பித்தளைத் துண்டு கிட்டத்தட்ட 0.02 மி.மீ. பெருத்திருக்கும். ஆறிய பிறகு அளந்தால் பிஸ்டன் சிறுத்துப்போயிருக்கும். துண்டு ஆறட்டும், ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு வந்து அளங்கள்.

பாதுகாப்பு பற்றிச் சொல்லுங்கள்.

சாரம் (கைலி) கட்டிக்கொண்டு லேத் முன்னால் நிற்காதீர்கள். வேட்டியும் வேண்டாம், தோளில் துண்டும் வேண்டாம். பேன்ட், அரைக்கை சட்டை, மூடிய செருப்பு அல்லது ஷூ. மோதிரம், கைக்கயிறு, கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்றிவிட வேண்டும். சுழலும் எந்திரத்தில் கையுறை போடக் கூடாது, அது விரலையும் சேர்த்து இழுக்கும். சக்கு சாவியை விட்டுக் கை எடுப்பதற்கு முன்பே அதைச் சக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். இந்த ஒரு பழக்கத்தைத் தளர்த்தவே கூடாது. பித்தளை ஊசி ஊசியாகத் தெறிக்கும், ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு வெட்டும் இல்லை. சுருண்டு வரும் இரும்புச் சீவலைக் கையால் இழுக்காதீர்கள், கொக்கிக் கம்பி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் மெயின் சுவிட்சுக்குப் பூட்டு. தனியாக இருக்கும்போது கடைசல் வேலையைத் தொடங்காதீர்கள், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒருவராவது இருக்க வேண்டும்.

சர்க்கரை இருக்கிறது, கண்ணும் மங்கல். முடியுமா?

காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஒரு உலோகச் சிலாம்பு ஏறினால்கூடத் தெரியாது. வேலை முடிந்ததும் பாதத்தையும் உள்ளங்கையையும் வெளிச்சத்தில் பாருங்கள். கண்புரை அறுவை செய்தவர்கள் மருத்துவர் சொன்ன நாள் வரை காத்திருங்கள். கண் மருத்துவரிடம் 'ஒரு முழம் தூரத்தில் வேலை பார்க்கணும்' என்று சொல்லி அதற்கென்றே ஒரு கண்ணாடி வாங்குங்கள், படிக்கும் கண்ணாடி இதற்கு ஒத்துவராது. வளையும் கழுத்துள்ள எல்.இ.டி. விளக்கு இரண்டு இருந்தால் பாதி சிரமம் போகும். லேசான கைநடுக்கம் ஒரு தடையே இல்லை. டூலைப் பிடிப்பது எந்திரம், நாம் திருகுவது கைப்பிடியைத்தான்.

நிஜமான நீராவியில் ஓட்ட ஆசை. பாய்லர் செய்யலாமா?

இரண்டு மூன்று இன்ஜின் ஓடிய பிறகு செய்யலாம். அதுவரை காற்று போதும். நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு விரியும். பாய்லர் பிளந்தால் உள்ளே இருக்கும் கொதிநீரில் ஒரு பகுதி அந்தக் கணமே ஆவியாகிப் பாயும். 25 லிட்டருக்குக் குறைந்த பாய்லர்களை நம் நாட்டுச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே நம் மேசைப் பாய்லரைச் சோதிக்க எந்த அதிகாரியும் வரமாட்டார், முழுப் பொறுப்பும் நம்முடையது.

தடித்த செம்புக் குழாயில், சோதித்துப் பார்க்கப்பட்ட வரைபடத்தின்படி மட்டும் செய்யுங்கள். ஈயப்பற்று கூடவே கூடாது, சூட்டில் இளகிவிடும். வெள்ளிப் பற்றுதான். இங்கேதான் நகை ஆசாரியின் உதவி வேண்டும். வெங்காரம் பூசி, இரண்டு துண்டையும் ஒரே சீராகச் சூடேற்றி, இணைப்பு இடுக்கில் வெள்ளி தானாக ஓடும் தருணத்தை அவர் கண் கண்டுபிடிக்கும். தீயைப் பற்றுக்கம்பி மேல் காட்டாமல் செம்பின்மேல் காட்டும் பழக்கத்தை அவரிடம் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். கேட்மியம் கலந்த கம்பியின் புகை விஷம், கேட்மியம் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். ஏ.சி. மெக்கானிக் வைத்திருக்கும் பாஸ்பரஸ் கம்பி எளிதாக ஓடும், ஆனால் நிலக்கரிப் புகையின் கந்தகம் அதை அரித்துவிடும். கரி எரிக்கும் பாய்லருக்கு ஆகாது.

முடிந்ததும் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் வேலை அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு ஏற்றி அரை மணி நேரம் நிறுத்துங்கள். முள் இறங்கக் கூடாது, எந்த முகமும் உப்பக் கூடாது. தண்ணீரில் சோதிப்பதால் கசிந்தாலும் சொட்டுத்தான் விழும், வெடிக்காது. சேப்டி வால்வு, நீர்மட்டக் கண்ணாடி, அழுத்தமானி மூன்றும் இல்லாமல் அடுப்பு மூட்டக் கூடாது. தொடக்கத்துக்கு 2 பார் அழுத்தமே தாராளம். வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி சோதியுங்கள்.

செங்கோட்டை பாசஞ்சரை இழுத்த மாதிரி ஒரு ரயில் இன்ஜின் செய்ய வேண்டும். என் அப்பா ரயில்வேயில் இருந்தார்.

இந்த ஆசை நம்ம பக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. 1904இல் திறந்த செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் மீட்டர் கேஜ் வண்டியில் போனவர்களுக்கு அந்த மூச்சுச் சத்தம் காதை விட்டுப் போகாது. 2018இல் அது அகலப்பாதையாகத் திரும்ப வந்துவிட்டது. மீட்டர் கேஜை இனி நாம் செய்து பார்த்தால்தான் உண்டு.

ஆட்களை ஏற்றி இழுக்கும் மாடல்களில் 5 இஞ்சு பாதை பல நாடுகளில் வழக்கம். ஒரு மீட்டரை 127 மி.மீ.க்குச் சுருக்கினால் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு, துல்லியமாகச் சொன்னால் 7.87இல் ஒன்று. தென் மாவட்டங்களில் ஓடிய ஒய்.பி. வகை நீராவி இன்ஜினின் ஓட்டும் சக்கரம் 1,372 மி.மீ. விட்டம். இந்தக் கணக்கில் அது 174 மி.மீ., ஓர விளிம்பையும் சேர்த்தால் 180ஐத் தாண்டும். ஆகவே சின்ன மேசை லேத்தில் கடைய முடியாது. மூன்றரை இஞ்சு பாதைக்கு இறங்கினால் சக்கரம் 122 மி.மீ., வசதியாக அடங்கும். எந்த அளவு என்பதை உங்கள் லேத்தும் உங்கள் இடுப்பும் சேர்ந்து முடிவு செய்யட்டும். முடிந்த இன்ஜினைத் தூக்க வேண்டியதும் நாம்தானே. எப்படியும் பல வருஷ வேலை இது. முதல் வருஷம் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் வண்டியை மட்டும் செய்யுங்கள். அது முடிந்து பாதையில் உருண்டால் மிச்சத்துக்குத் தெம்பு வரும்.

எண்ணெய் இன்ஜினையும் மறந்துவிடாதீர்கள். சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கம் கிணற்று மேட்டில் இரண்டு பெரிய சுழல் சக்கரத்தோடு நிதானமாக ஓடிய லிஸ்டர் வகை ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின் மாடலுக்கு அற்புதமான உரு. பழசு எங்காவது தோட்டத்தில் துருப்பிடித்துக் கிடக்கும், போய் நேரிலேயே அளந்துவிடலாம். நம்ம கரிசல் காட்டு எந்திரத்தை நாமே செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்?

கிடைக்கும் வரைபடங்கள் எல்லாம் இஞ்சில் இருக்கின்றன. என்ன செய்வது?

25.4ஆல் பெருக்கி அப்படியே வைத்துக்கொள்ளாமல், முழு மில்லிமீட்டருக்கு மாற்றி மறுபடி வரையுங்கள். கம்பிகளும் துளைக்குள் மரை வெட்டும் டேப்புகளும் இங்கே மெட்ரிக்கில்தான் சுலபமாகக் கிடைக்கும். எம்3 டேப்புக்கு 2.5 மி.மீ. துளை, எம்4க்கு 3.3, எம்5க்கு 4.2. ஒரு அளவை மாற்றினால் அதோடு சேரும் மற்ற அளவும் மாறும் என்பதால் முழு இன்ஜினையும் தாளில் ஒருமுறை வரைந்து பார்ப்பது நல்லது.

எல்லாம் சரியாகச் செய்தும் இன்ஜின் ஓடவில்லை. காற்று கொடுத்தால் உஸ்ஸென்று போகிறது.

முதலில் காற்றை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஒரு இடத்தில் மட்டும் பிடித்தால் கிராங்க் ஊசி சாய்ந்திருக்கிறது, சுற்று முழுக்கக் கனமாக இருந்தால் பிஸ்டன் இறுக்கம். தடையில்லாமல் சுற்றுகிறது, ஆனாலும் உஸ் சத்தம் என்றால் கசிவு. உரசும் முகங்களில் எண்ணெய் தடவிக் காற்று கொடுங்கள், குமிழி வரும் இடம்தான் கசியும் இடம். மறுபடி கண்ணாடிமேல் தேயுங்கள், சிலிண்டரைத் தகட்டோடு அழுத்தும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். ரொம்ப இறுக்கினால் உராய்வு, தளர்த்தினால் கசிவு. இரண்டுக்கும் நடுவே ஒரு அரைச்சுற்றில்தான் வித்தியாசம் இருக்கும். வெளியேறும் துளையை விரலால் மூடிப் பாருங்கள். பிஸ்டன் கோடியில் நிற்கும்போது அங்கே காற்று அடித்தால் துளைகள் பெரிதாகிவிட்டன, நடுச்சுவர் போய்விட்டது என்று அர்த்தம். அந்தத் தகட்டை மட்டும் புதிதாகச் செய்தால் போதும். இதுவும் சரி, அதுவும் சரி என்றால் இன்ஜினைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போங்கள். கையில் வாங்கிச் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றியதுமே எங்கே பிடிக்கிறது என்று அண்ணாச்சி சொல்லிவிடுவார்.